வலைக்கூடத்தில் எட்டாம் வகுப்பு

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

நேற்றிலிருந்து நான் தலைவி. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர்தான் தலைமை. இதுவரை சுப்புலட்சுமி அக்கா இருந்தார். கையெழுத்து அக்காவுடையது, பேச்செல்லாம் அவர் வீட்டுக்காரர் மதியழகனுடையது. மதியண்ணன் எங்கள் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரும்கூட. அவர்கள் பையன் படிப்பை முடித்துப் போய்விட்டதால் இந்தமுறை வேறு ஆள் வேண்டும். "யாராவது ஒருத்தர் வாங்கம்மா" என்று அபி டீச்சர் கெஞ்சினார். முழுப்பெயர் அபிதகுஜாம்பாள், தலைமையாசிரியை, தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "நான் வரேன் டீச்சர்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் லோகு, "கரையில மீன் ஏலம் கூவறது பத்தலியா, ஸ்கூல்ல வேற போய் கத்தணுமா?" என்கிறார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதல் கூட்டம். டீ, மெதுவடை. ஆண்டு மானியத்தில் கரண்ட் பில், பினாயில், சாக்பீஸ் போக மிஞ்சுவது என் சுருக்குப்பையில் மிஞ்சுவதைவிடக் குறைவு. குழாயை மாற்றுவது என்று தீர்மானம் போட்டோம். பெரிய சாதனை.

செப்டம்பர் 6, வெள்ளி

மனசே சரியில்லை.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் இருக்கும் கட்டடத்தை இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்தார். கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. இடித்தே ஆகவேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். புதுக்கட்டடத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் முடிய ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதுவரை மூன்று வகுப்புப் பெரிய பிள்ளைகளும் ஈசிஆர் ரோட்டுக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்குப் போகவேண்டும். சின்னதுகள் மட்டும் இங்கே.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "போனா பாதிப் பொண்ணுங்க நின்னுடுவா சரிதா. எனக்குத் தெரியும். ஊருக்குள்ளயே கூரை, லைட், கழிப்பறையோட ஒரு இடம் காட்டினா ஆபீஸ்ல பேசிப் பார்க்கலாம். இந்த மாசத்துக்குள்ள காட்டணும்" என்றார்.

பாதிப் பெண்களை விடு, என் வீட்டுப் பெண்ணே நிற்கப்போகிறாள். நிஷா எட்டாவது. லோகு கேட்டதும் சொல்லிவிட்டார்: "அந்த ரோட்டத் தாண்டி என் பொண்ணு போவாது. எட்டாவது பாதியில நின்னா நிக்கட்டும்." அவர் தம்பி அந்த ரோட்டில்தான் வண்டியில் அடிபட்டுப் போனான், மீன்கூடையோடு, பட்டப்பகலில். அவரிடம் நான் எப்படிச் சண்டை போடுவது? நிஷா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். தேய்ப்பதை நிறுத்தவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இடம் இருக்கிறது! கண்ணெதிரேதான் இருக்கிறது. வலைக்கூடம். சுனாமிக்குப் பிறகு கவர்ன்மெண்ட் கட்டிக்கொடுத்தது. நல்ல கூரை, ஃபேன், பக்கத்திலேயே கழிப்பறை. காலையில் வலை பின்னுகிறார்கள், சரி. மத்தியானம்? சீட்டாட்டமும் குறட்டையும்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. கோயில் மூலையில் நின்று கேட்கலாம். அதனால் லோகுவைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது.

மதியண்ணன், "வலைய வெயில்ல போட்டா நைலான் இன்னாத்துக்கு ஆவும்? கூடம் கட்னது வலைக்கு. ஸ்கூல் சமாச்சாரத்த ஸ்கூல்ல பேசிக்கச் சொல்லு" என்றார். முடிந்தது. அடுத்து திருவிழா மைக்செட் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

மைக்செட்டுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள்!

செப்டம்பர் 14, சனி

இன்று ஏலத்தில் தவிர யாரிடமும் பேசவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன் நான்!

புரட்டாசி பிறந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட மீன் வாங்க ஒன்றிரண்டு கார்தான் வந்தது. சங்கராவையும் நெத்திலியையும் கூறி முடித்தபிறகும் ஆண்கள் போகாமல் நின்று, விலை விழுந்ததற்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, ஆள் சேர்ந்தாற்போல் இருக்கிறார்களே என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "பகல்ல மட்டும் கூடத்த புள்ளைங்களுக்கு வுடுங்கண்ணா. வெளிய ஓலைப்பந்தல் போட்டுக்கலாம், வலைக்கும் நெழல் ஆச்சி. புதுக் கட்டடம் வர வரிக்கும்தான்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மதியண்ணன் மட்டும், "அது அன்னிக்கே முடிஞ்சி போச்சி. இங்க மீனப் பத்தி மட்டும் பேசு" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஐஸ் பெட்டிமேல் ஏறிவிட்டேன். ஏலம் கூறும் அதே குரல்தான். "வலைக்கூடம்! காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும்! புள்ளைங்களுக்கு! வேணாம்ன்றவங்க இப்பவே சொல்லு! ஒரு தரம்!"

சிரித்தார்கள்.

"ரெண்டு தரம்!"

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏலம் கூறுகிறவள் மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. பேசினால் கோயிலுக்கு அபராதம். விலைத் தகராறில் மண்டை உடைந்த காலத்தில் ஊர்ப் பஞ்சாயத்தே போட்டது. எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. சொல்லலாமா? சொன்னால் என்ன ஆகும்? எல்லாரும் மதியண்ணனைப் பார்த்தார்கள். அவர் தன் வீட்டுக்காரியைப் பார்த்தார். சுப்புலட்சுமி அக்கா கருவாட்டுக் கூடையருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "இன்னாம்மா நிறுத்திட்ட? சொல்லு!" என்றார்.

"மூணு தரம்!"

"ஏய், இரு இரு, அது எப்டி..." என்று மதியண்ணன் வாயெடுத்தார். கூட்டத்தில் ஒரு பையன் "அபராதம்ணே!" என்று கத்த, அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். லோகு மட்டும் சிரிக்கவில்லை. யாரையோ புதிதாகப் பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செப்டம்பர் 23, திங்கள்

விடிந்ததிலிருந்து பயம். மீனுக்குப் போட்ட கட்டுப்பாடு கூடத்துக்குச் செல்லுமா? ஊரை விட்டு ஒதுக்கிவிட்டால்? வாயாடி என்று பேர் எடுத்தது போதாதா எனக்கு?

பத்து மணிக்கு மதியண்ணன் வாசலில் வந்து நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "அபராதம் கட்டிட்டு வரேன். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? வாயத் தொறந்தது தொறந்ததுதான்" என்றார். பிறகு, "திருவிழாவுக்கும் புயலுக்கும் கூடம் ஊருக்கு வேணும். கரண்ட் பில்லு ஸ்கூலு கட்டிக்கணும். ஒத்துகினா பஞ்சாயத்து லெட்டர் தரும்."

ஒத்துக்கொள்ளாமல்? அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகை.

செப்டம்பர் 27, வெள்ளி

குழுக் கூட்டம். ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். கரண்ட் பில்லை மானியத்தில் கட்டுவது என்று நான் வாசித்தேன், அவர்கள் கை தூக்கினார்கள். சாக்பீஸுக்கு இனி இழுபறிதான். இழுக்கட்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். ஸ்விட்சைப் போட்டார், கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "ஸ்மெல் இருக்கே?" டீச்சர் பட்டென்று, "பசங்களுக்கு அது வீட்டு வாசனை மேடம்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு ஓகே சொல்லிவிட்டார்!

கார் திரும்பியதும் டீச்சர் அப்படியே வலைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரம் காட்டன் புடவை. "டீச்சர், செதில் ஒட்டிக்கும்!" என்றேன். "ஒட்டட்டும் போ" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து இன்று கூடத்தில் வகுப்பு. நிஷா ஜன்னலோரத்தில் இடம் பிடித்திருக்கிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

எதிர்பாராத கூத்து ஒன்று நடக்கிறது. பந்தலில் வலை பின்னும் ஆண்களுக்கு உள்ளே நடக்கும் பாடம் முழுக்கக் காதில் விழுகிறது. முன்பு இன்டர்வெலுக்குப் பிறகு கரைக்கு நழுவும் பையன்கள் இப்போது நழுவினால் அப்பன் காலடியில்தான் விழவேண்டும். அதனால் வகுப்பு நிறைந்திருக்கிறது. டீச்சர் மாலையில் போகும்போது பாட்டு முணுமுணுக்கிறார்.

சாப்பிடும்போது லோகு கேட்டார்: "தெனம் எக்ஸு எக்ஸுன்னு தேடிகினு கீறாங்களே, கெடச்சிச்சா?"

"ஆறு" என்றாள் நிஷா.

"நேத்து நாலுன்னாங்க?"

"அது நேத்து கணக்குப்பா." அவளுக்குச் சிரிப்பு. அவருக்கு நிஜமாகவே சந்தேகம். வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தாள், அவரும் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, வெள்ளி

அரையாண்டு மார்க் வந்தது. நிஷாவுக்குக் கணக்கில் வகுப்பிலேயே அதிகம். இங்கிலீஷ் சுமார்தான். மார்க் தாளில் நான்தான் கையெழுத்துப் போடப் போனேன். லோகு, "குடு, நான் போட்றேன்" என்று வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. இனி ஒன்பதாவது. ஊருக்குள் ஒன்பதாவது கிடையாது, ரோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கூடம் எனக்கு ஒரு வருஷம்தான் வாங்கிக்கொடுத்தது. லோகு இதுபற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கத்துவேன், இதை மட்டும் அவரிடம் கத்திக் கேட்க எனக்கு மனசில்லை.

மே 16, வெள்ளி

புதுக்கட்டடத்துக்குத் தூண் எழும்பிவிட்டது. மதியண்ணன் தினமும் போய்க் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார், தான்தான் இன்ஜினியர் என்று நினைப்பு. நிஷாவின் மாற்றுச் சான்றிதழ் அலமாரியில் இருந்தது. இன்று காணவில்லை. கேட்டால் லோகு, "ஹைஸ்கூல்ல சேத்துட்டு வந்தேன். இன்னா இப்போ?" என்கிறார்.

ஒன்றுமில்லை. இன்னா இப்போ. ஒன்றுமே இல்லை.

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளி திறந்தது. ஏலம் இருந்ததால் என்னால் போகமுடியவில்லை. சுப்புலட்சுமி அக்கா மூச்சிரைக்க வந்து சொன்னார்: "உன் வூட்டுக்காரரு நடு ரோட்ல ரெண்டு கையையும் விரிச்சிகினு நிக்கிறாரும்மா! பஸ்ஸு, காரு, எல்லாம் ஹாரன் அடிச்சிகினு கீது. கடைசிப் பொண்ணு தாண்ற வரிக்கும் அசையவே இல்ல." எட்டாவது முடித்த பெண்கள் அத்தனை பேரும் போயிருக்கிறார்கள். ஒருத்திகூட நிற்கவில்லை.

நெத்திலிக்கு அடுத்து என்ன விலை கூறினேன் என்றே தெரியவில்லை. யாரோ லாபம் பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது லோகு படுத்திருந்தார். முகத்தில் வியர்வை, சட்டை தொப்பலாக நனைந்து ஆணியில் தொங்குகிறது. சோறு போட்டேன், சாப்பிட்டார், தூங்கினார். நாலு மணிக்கு அதே ஈரச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் ரோட்டுப்பக்கம் கிளம்பினார்.