மஞ்சள்கை வீட்டின் மூன்று குப்பிகள்

16 மே 1971, ஞாயிறு

மாதாகோயிலில் பூசை முடிந்தது. வாசலில் கைகுலுக்கல். எங்கள் சாவா ஆற்றங்கரை ஊர்க்காரன் கையைக் குலுக்கினால் குலுக்கலோடு விடமாட்டான். பேச்சுவாக்கில் நம் உள்ளங்கையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பான். மஞ்சள் பூத்திருந்தால் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு.

"என்ன ப்ளாஷ், கை பூசணிப்பூவாட்டம் இருக்கு?" என்றான் கொல்லன் இலியா.

"பொகையிலைடா. நாப்பது வருசமா என் கையாலயே சுருட்டுறேன். மொதல்ல உன் மூக்கப் பாரு, பீட்ரூட்டாட்டம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். வீடு வரும்வரை கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

அப்பா, அத்தை, இரண்டு வருடம் முன்பு தம்பி மாட்டோ — எல்லோரும் இதில்தான் போனார்கள். எங்களுடையது மஞ்சள்கை வீடு. ரத்தத்தில் ஓடுகிறதாம். எனக்கென்ன, நான் தனிக்கட்டை. (என்னால் ஏழு பெண்கள் அழுதார்கள்.) ஆனால் மாட்டோ மகள் எவிட்சாவை மேட்டுக் கிராமத்து ஸ்லாவ்கோ கேட்கிறான். மேட்டில் ஒருவனுக்கும் இந்த நோய் கிடையாது. அவன் அம்மா ரேசா அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறாள். வந்து என்ன பார்ப்பாள்? உள்ளங்கையைத்தான்.

19 மே

நகரத்திலிருந்து டாக்டரம்மா நெவென்கா வந்தார். வீட்டுக்கு வீடு, ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி, பெயர் ஒட்டி. திங்கட்கிழமைக் காலைச் சிறுநீர் வேண்டுமாம்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"நாலாவது. ஆனா அந்த வாத்தியாருக்கே வகுத்தல் கணக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

எழுதிக்கொண்டார்.

"சாப்பாடு?"

"எங்க நெலத்துக் கோதுமை, எங்க ரொட்டி. கடை ரொட்டி இந்த வாசப்படி ஏறினதில்ல டாக்டரம்மா. சாவா ஆத்தங்கரை ஈரத்துல வெளைஞ்சது. ஒரு வேளைக்கு ரெண்டு கிலோ சாப்பிடுவேன்."

"ரெண்டு கிலோவா?"

"சரி, அரைக் கிலோ."

அதையும் எழுதிக்கொண்டார். குப்பிகள் மூன்று: எனக்கு, எவிட்சாவுக்கு, மாட்டோ மனைவி மாண்டாவுக்கு.

24 மே, திங்கள்

எழுதலாமா? எழுதுகிறேன். என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்.

எவிட்சா நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பதினைந்து வயதில் போனவள், ஏழு வருடமாக விடுதிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். இன்று காலை குப்பியை நிரப்பி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மூன்றும் ஜன்னல் விளிம்பில் நின்றன.

என்னுடையதும் அவளுடையதும் எங்கள் ரத்தம். மாண்டா அப்படியல்ல. இருபத்துநான்கு வருடம் முன்பு போஸ்னிய மலையிலிருந்து மாட்டோ கட்டிக்கொண்டு வந்தவள், எங்கள் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. மலைக்காரி, பாறை மாதிரி; அவளுடையது சுத்தமாகத்தான் இருக்கும். அவள் கோழிகளுக்குத் தீனி போடப் போன நேரத்தில் மற்ற இரண்டையும் கொட்டிக் கழுவினேன். அவளுடையதை மூன்றாகப் பங்கிட்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. போர்க்காலத்தில் ஒரு புட்டி ரக்கியாச் சாராயத்தை முப்பது பேருக்குப் பங்கிட்ட கை இது. சரி, ஒன்பது பேர்.

30 மே

உட்கார முடியவில்லை. வேலியைச் செப்பனிட்டேன். நன்றாக இருந்த வேலியை.

7 ஜூன்

ஆஸ்பத்திரி வண்டி எந்த வீட்டில் இரண்டாம் முறை நிற்கிறதோ அந்த வீட்டுக்கு ஆகாது — இது இப்போது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இன்று எங்கள் வாசலில் நின்றது. ஊரே வேலியோரம்.

"மூணு பேருக்கும் சிறுநீர்ல புரதம் போகுது" என்றார் டாக்டரம்மா. "அதுவும் மூணுலயும் ஒரே அளவு." என்னையே பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாண்டா மாவுக் கையைத் துடைக்க மறந்து நின்றாள். "எனக்கா? நான் இந்த வீட்டு ரத்தமில்லையே!"

பாறை என்று நினைத்தேனே. பாறைக்கு எப்படி வரும்?

9 ஜூன்

ரேசா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். வரமாட்டார்களாம்.

13 ஜூன், ஞாயிறு

எவிட்சா அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கதை சொல்லிச் சமாளித்திருப்பேன். மேசைமேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாள்.

"பெரியப்பா, மஞ்சளாவா இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

வெள்ளையாகத்தான் இருந்தது. பசை ஒட்டிய வெள்ளைக் கை. அவளுடைய நீர் அந்தக் குப்பியில் இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? நாக்கே, ஊர்ப் பொய்க்கெல்லாம் குதிரை மாதிரி ஓடுவாயே, ஒரு நிஜத்துக்கு நொண்டுகிறாயே! "வெளிச்சம் போதல" என்று எழுந்து வந்துவிட்டேன். நண்பகல் வெயிலில்.

14 ஜூன்

முதல் பஸ். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், எதையும் கூட்டாமல்.

"ப்ளாஷ், உங்கமேல எனக்கு வர்ற கோவத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இருங்க. மூணு குப்பியும் மாண்டாவோடதா? மலையிலேருந்து வந்தவங்களோடதா?"

"ஆமா."

"ரத்தத்துல வர்ற நோயின்னா அவங்களுக்கு எப்படி வந்துச்சு?"

புதுக் குப்பிகள் தந்தார். இந்தத் தடவை நர்ஸ் கண்முன்னாலேயே.

வீட்டில் மாண்டாவிடமும் சொன்னேன். அடுப்பிலிருந்த சூப்பை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "கேட்டிருந்தா மூணையும் நானே நெரப்பியிருப்பேனே அத்தான். இருபத்துநாலு வருசத்துல நீங்க கேட்டு எடுத்த பொருள் ஒண்ணு உண்டா?" சிரித்தாள். சிரித்தபடியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

28 ஜூன்

எவிட்சாவுக்கு ஒன்றுமில்லை. சுத்தம்!

எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. மாண்டாவுக்கு முன்பு சொன்ன அதே அளவு.

எங்கள் ரத்தம் உள்ள பிள்ளை பிழைத்தது, ரத்தம் இல்லாதவள் மாட்டிக்கொண்டாள். நடந்து நடந்து யோசித்தேன். இருபத்துநான்கு வருடமாக மாண்டாவுக்கு நாங்கள் கொடுத்தது என்ன? கூரை, கிணறு, ரொட்டி.

29 ஜூன்

மேட்டுக்கு நடந்தே போனேன். ரேசா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்.

"இத்தன வருசத்துல நீ சொன்னதுல ஒண்ணாச்சும் நெசமா ப்ளாஷ்?"

"இது ஒண்ணு."

கதவு நிலையில் சாய்ந்து என்னை அளந்தாள். "பொய்க்காரன் தன்னையே அசிங்கப்படுத்திக்கப் பொய் சொல்லமாட்டான்" என்றாள், எனக்கல்ல, கதவுக்குச் சொல்வது போல.

4 ஜூலை

டாக்டரம்மா கிணற்றுத் தண்ணீர் எடுத்தார், மாவு எடுத்தார், பிறகு வயலைப் பார்க்க வேண்டுமென்றார். கதிர் முற்றி நின்றது. நடுவே ஓநாய்ப்பாதச் செடிகள், இலை இதயம் மாதிரி, காய் பச்சைப் பேரிக்காய் மாதிரி.

"இது என்ன?"

"ஓநாய்ப்பாதம். ஆடு மாடு தீண்டாது. ஆத்தங்கரை பூராவும் உண்டு, ஆனா என் வயல் மாதிரி எங்கயும் செழிக்காது டாக்டரம்மா, இடுப்பு ஒசரம்!"

அவர் ஒரு காயைப் பிளந்தார். தட்டையான விதைகள் அடுக்கி இருந்தன.

"அறுக்கும்போது இது கோதுமையோட சேர்ந்து வருமா? சலிப்பீங்களா?"

"எதுக்குச் சலிக்கணும்? எங்க கோதுமை..."

ஒரு கதிரை ஒடித்துப் பார்த்தேன்.

"உறுதியாச் சொல்ல முடியாது, இந்த விதையில இருக்குற விஷமோன்னு சந்தேகம்தான்" என்றார். "இன்னும் நெறைய பாக்கணும். அதுவரைக்கும் இத அரைக்காதீங்க."

நான் பெருமையடித்த ரொட்டி. மாட்டோ நோயில் கிடந்தபோது, தெம்பு வரட்டும் என்று இரட்டைத் துண்டாக ஊட்டினேன்.

18 ஜூலை, ஞாயிறு

ரேசா வந்தாள். எவிட்சாவின் கையைப் பிடித்தாள். திருப்பவில்லை. பிடித்தது பிடித்தபடியே உள்ளே அழைத்துப் போனாள்.

என் கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் புகையிலை என்று சொல்லவில்லை.

12 செப்டம்பர், ஞாயிறு

நேற்று கல்யாணம். விருந்துக்கு நகரத்து பேக்கரி ரொட்டி. இலியா, "மஞ்சள்கை வீட்டுல கடை ரொட்டியா!" என்று கத்தினான். ஓநாய்ப்பாதத்தைக் கண்டுபிடித்ததே நான்தான், டாக்டரம்மா பக்கத்தில் குறிப்பெடுத்தார் என்று அவனுக்கு விளக்கினேன். யாரும் நம்பவில்லை. ஆனால் மூன்று பேர் தனியாக வந்து, சல்லடைக் கண் எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார்கள்.

இன்று மாண்டா மிச்ச ரொட்டியை சூப்பில் தோய்த்துத் தின்றாள். "பஞ்சாட்டம் இருக்கு அத்தான்." இன்னொரு துண்டு எடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்கு மறுபடி குப்பி. எனக்கும்.

மதியம் அவள் வரப்பில் உட்கார்ந்து எண்ண, நான் வயலில் ஓநாய்ப்பாதத்தைத் தோண்டினேன். வேர் ஆழம், ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி முளைக்கும்.

நாற்பத்தொரு வேர். நாற்பத்தொன்றுதான்.