காம்பு உருண்டையாக இருந்தது

ரிஃபாத்,

மதியம் வந்தால் அடுப்பின் மேலிருக்கும் அரிசி அடைத்த கூசாக்காயைத் தொடாதீர்கள். ரொட்டியும் மொச்சையும் மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை இன்ஷிராஹ் கூசாப் பூசணிப் பிஞ்சு என்று கொடுத்தது கூசாவே இல்லை. கூசாவின் காம்பு பட்டை பட்டையாக, முரடாக இருக்கும். இது உருண்டைக் காம்பு. நேற்றே சொன்னேன். "என் தங்கச்சி தோட்டத்துக் காய்னாலே உனக்கு ஆகாது நாஹித்" என்று எரிந்து விழுந்தீர்கள். அந்த வீம்பில் ருசிகூடப் பார்க்காமல் சமைத்து வைத்தேன். இன்று காலை மிச்சமிருந்த காயைக் கடித்தேன். பேய்ச்சுரை. வாய் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. அரைக்காய் போதும், ரத்த வாந்தியில் கொண்டுபோய் விடும்.

இன்ஷிராஹும் இன்றைய விருந்துக்கு இதே காயைத்தான் சமைக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "விருந்தாளிங்க வந்தாச்சு அண்ணி, உங்க பொறாமைய அப்புறம் கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள். நேரில் போகிறேன். சாவி எதிர்வீட்டில்.

பின்குறிப்பு: கொட்டிவிட்டே போகலாமென்று பாத்திரத்தைத் திறந்தேன். மூன்று காய் குறைகிறது. ஆணியில் உங்கள் சாப்பாட்டுத் தூக்கைக் காணோம். நான் எழும் முன்பே எடுத்துப் போயிருக்கிறீர்கள். சமாதானத்துக்காகவா ரிஃபாத்? உங்கள் போனோ இங்கே மேசையில் கிடக்கிறது.

அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். உங்கள் பட்டறை இந்தப் பக்கம்.

பட்டறைக்குத்தான் ஓடுகிறேன்.