கூடப்பிறந்தவர் உண்டா என்று கேட்டார்கள்

அன்பு மகள் வளர்மதிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க அம்மன் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் தம்பி பொண்டாட்டி கீதா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

உன் தம்பி உலகநாதனுக்குக் கல்லீரல் திடீரென்று வேலை செய்யாமல் போய்விட்டது. போன வாரம் நல்ல காய்ச்சல். அந்த நேரம் பார்த்து ஏரியில் வலை கட்ட நம் பாடு வந்தது. அந்த முறை தவறினால் திரும்ப எப்போது வரும் என்று உனக்குத் தெரியாததா. படுடா என்றேன், பாட்ட உட்டா வூட்ல இன்னாத்த துண்றதுன்னு கிளம்பிவிட்டான். காய்ச்சல் மாத்திரை அட்டையைப் படகில் வைத்துக்கொண்டு, உடம்பு சுடும்போதெல்லாம் இரண்டிரண்டாக விழுங்கி, சோறும் தின்னாமல் தண்ணீரில் நின்றிருக்கிறான். கண் மஞ்சளானதும் காமாலைதானே என்று நான் பாவி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கீதாவையே யாரென்று கேட்டான், அப்புறம்தான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம்.

மாத்திரை அளவு மீறியதுதான் காரணமாம். முறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் வந்திருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்குமாம். ரத்தத்தில் இருக்கும் நீரை எடுத்துவிட்டு வேறு நல்ல நீரை ஏற்றுகிறார்கள். அதிலும் தேறாவிட்டால் வேறு ஈரல்தான் வைக்க வேண்டுமாம். இறந்தவர் ஈரலுக்குப் பேர் கொடுத்திருக்கிறோம், எப்போது கிடைக்குமோ, அவனுக்கு அவகாசம் இல்லை. உறவில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும் என்கிறார்கள். என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், வயசாகிவிட்டதாம். உன் நைனாவுக்குச் சர்க்கரை. கீதாவின் ரத்தம் சேரவில்லை.

கூடப்பிறந்தவர் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு அக்கா, பிள்ளை பெற்று நாலு மாசம்தான் ஆகிறது, பால் கொடுக்கிறாள் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டா என்று நானேதான் கேட்டேன், கொஞ்சம் உண்டு என்றார். வா என்று எழுதக் கை வரவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. இரண்டும் நான் பெற்றதுதானே, நான் என்ன செய்வேன்.

மாப்பிள்ளையைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு. நீயும் பிள்ளையும் நூறு வயசு இருக்க வேண்டும். மறக்காமல் உன் ரத்தம் எந்தக் குரூப் என்று மட்டும் எழுது. சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாமுண்டீஸ்வரி