தொப்பியில் ஒரு கொசு

டேய்,

விரலெல்லாம் நகப்பூச்சு வாசம். உன் அக்காவிடமிருந்து நீ சுட்டுவந்த அதே குப்பி. பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டிலிருந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயிலில் திரும்பிக்கொண்டே எழுதுகிறேன்.

நாளை உங்கள் வீடு காஜாங்குக்கு மாறுகிறது. எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, உன் மேசையைத் தவிர. நெடுஞ்சாலை மழையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிய அன்று, மீனை ஏமாற்ற நீ கொசு மாதிரி கட்டிப் பாதியில் விட்டுப்போன பூச்சித் தூண்டில் இன்னும் இடுக்கியில் நின்றது. அரிசி அளவு கொக்கி, கறுப்பு நூல், என் பழைய இயர்போனிலிருந்து நீ உருவிய செம்புக் கம்பி. கடைசி முடிச்சு இல்லை. தொங்கும் நூல்கண்டின் பாரம்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது. உன் அம்மா அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் தூசு துடைத்திருக்கிறார்.

"நீயே எடுப்பா. நான் தொட்டா அவுந்துடும்," என்றார்.

டிரவுட்டே இல்லாத ஊரில் டிரவுட் மீனுக்குப் பூச்சி கட்டுகிறாயே, டவுட்டே வராதா என்று கேட்டிருக்கிறேன். "இது டிரவுட்டுக்குன்னு திலாப்பியாவுக்கு யாருலா சொல்லப் போறா?" என்றாய். அம்பாங்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் ஒரு திலாப்பியா நிஜமாகவே கடித்தது. புழு தண்ணீரில் எப்படித் தொங்குகிறது என்று பார்க்க, காலி காயா ஜாம் பாட்டிலில் கொசுப்புழு வளர்த்தாய். நான் வாசலில் நின்று, டெங்கி சோதனை, கொசுப்புழு இருந்தால் அபராதம் என்று மலாயில் கனத்த குரல் கொடுத்தேன். நீ பாட்டிலோடு கட்டிலுக்கடியில் புகுந்தாய்.

நூல் சுற்ற மட்டும் என்னை விடுவாய். முடிச்சு வந்ததும் பிடுங்கிக்கொள்வாய். "உன் கைக்குப் பொறுமை இல்லடா."

உன் சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் நாற்காலி அடுக்கினேன். அழுகையும் வரவில்லை, ஜோக்கும் வரவில்லை.

பூச்சி கட்ட நீ பார்த்துப் பழகிய அதே வீடியோவை இன்று திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நானே முடிச்சுப் போட்டேன். மேலே நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் இடுக்கியைத் தளர்த்தினேன். அவிழவில்லை. "அவன் போட்ட மாதிரியே இருக்கு," என்றார் உன் அம்மா. இல்லை. என் முடிச்சு கர்ப்பிணிக் கொசு மாதிரி உப்பியிருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

தொப்பியில் குத்திக்கொண்டு ரயில் ஏறினேன். இப்போதுதான் பக்கத்து சீட் ஆன்டி, "தம்பி, தொப்பில கொசு," என்று பேப்பரைச் சுருட்டி ஓங்கினார்.

"அடிக்காதீங்க ஆன்டி. என் கூட்டாளியோடது."

அவர் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். பார்த்திருந்தால் நீ தரையில் விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியை ஒரு கையால் மூடிக்கொண்டுதான் மீதியை எழுதுகிறேன்.