மெச்சுக்கல்லைத் திட்டும் வேலை

ஆறாம் மாதம் 9, செவ்வாய்

இன்று மறுபடியும் மன்ற மாளிகை வேலைக்கு மெச்சுக்கல் வண்டி வந்தது. உலகத்தில் ஒரே ஒரு மலையில், அதுவும் வடக்குச் சரிவில் மட்டும் கிடைக்கிற கல். புகழ்ந்தால் இறுகும், திட்டினால் இளகும். யாரைப் புகழ்ந்தாலும் யாரைத் திட்டினாலும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொள்ளும். வண்டிக்காரர் வழி நெடுக மாட்டை "என் ராசா, என் தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே வந்திருக்கிறார். கல் இரும்பாக வந்து இறங்கியது. காலையிலிருந்து திட்டியும் உச்சிப்பொழுதுக்குத்தான் உளி இறங்கும் பதத்துக்கு வந்தது. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

புகழ்கிற பிரிவுக்குப் பந்தல், நாற்காலி, தேன் கலந்த வெந்நீர். திட்டுகிற பிரிவுக்கு வெயில். நாங்கள் இளக்கிக் கொடுக்காவிட்டால் அவர்கள் எதை இறுக்குவார்கள்? கேட்டால், "புகழறதுக்குப் படிப்பு வேணும் அண்ணி. திட்டுறது உங்களுக்குப் பிறவியிலயே வந்ததுதானே" என்கிறாள் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. புகழ்கிற பிரிவுக்கு அவள்தான் தலைமை. நிழலில் உட்கார்ந்தால் யாருக்கும் நாக்கு இனிக்கத்தான் செய்யும்.

11, வியாழன்

வீட்டு வாசற்படி இன்னும் இறுகவில்லை. மெச்சுக்கல்லில் உடைந்த துண்டுகளை வேலையாட்களுக்குக் கொடுத்தபோது இவர் ஒன்றை ஆசையாகச் சுமந்துவந்து படியாக வைத்தார். இவர் கொத்தனார். ஊரில் பாதிச் சுவர் இவர் கை பட்டது. சொந்த வீட்டுப் படியில் மட்டும் கணுக்கால் வரை புதைகிறது. இன்று காலை செருப்பே உள்ளே போய்விட்டது. தோண்டி எடுத்து, தட்டிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு நாலு சொல்லலாம். பேசாத மனுஷனை எத்தனை நாள்தான் தனியாகத் திட்டுவது?

வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறேனோ? இல்லை, வீட்டில் இருந்ததைத்தான் வேலைக்குக் கொண்டுபோனேன்.

15, திங்கள்

புதன்கிழமை மன்ற மாளிகை திறப்பு. மேடை முழுக்க மெச்சுக்கல், இன்னும் முடியவில்லை. மேற்பார்வையாளர் உத்தரவு வாசித்தார் — மன்றத் தலைவர் வரும் நாளில் திட்டுகிற பிரிவு வளாகத்துக்குள் இருக்கக் கூடாது, நல்ல காரியத்தில் அபசகுனம்.

"மேடை அரைகுறையா நிக்குதே, ஏதாவது மாட்டிக்கிட்டா யாரு இளக்குவா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எதுவும் மாட்டாதும்மா. உத்தரவு போட்டாச்சு."

கல்லுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்க நினைத்தேன்.

16, செவ்வாய்

நாளை விடுமுறை. சம்பளம் கிடையாது.

17, புதன்

விளக்கு அணைவதற்குள் எழுதிவிடுகிறேன்.

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நாத்தனார் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "அண்ணி, வாங்க! அண்ணன் கை —"

ஓடிக்கொண்டே சொன்னாள். தலைவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டாராம். நேற்று நான் இளக்கிவைத்த கடைசிக் கல்லை அவர் நாற்காலிக்குக் கீழே இவர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலி ஆடியிருக்கிறது. தலைவர் விழக் கூடாதே என்று இளகிய கல்லுக்குள் கையைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறார். அதே நேரம் வரவேற்புரை. வானமே, வள்ளலே, வற்றாத கடலே — ஒவ்வொன்றுக்கும் கல் ஒரு சுற்று இறுகியிருக்கிறது. வாசித்ததே இவள்தான். அண்ணன் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரை வாசித்திருக்கிறாள்.

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல அண்ணி" என்று அழுதாள். அவளைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

நாங்கள் போனபோது வேறொருவர் புகழ்ந்துகொண்டிருந்தார். மேடை ஓரத்தில் முட்டிபோட்டுக் கிடந்தார் இவர். முழங்கை வரை கல். முன்வரிசைக்கு எல்லாம் தெரிகிறது. கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவிகள். மேற்பார்வையாளர் என் காதோடு, "கல்லைத் திட்டும்மா, சீக்கிரம். ஆனா மரியாதையா. மேல அவர் இருக்கார்ல" என்றார். மரியாதையாகத் திட்டினால் எந்தக் கல் இளகும்?

வாயைத் திறந்தேன்.

"ஏ சொரணை கெட்ட ஜடமே! நாலு பேர் சுமந்து வச்சதால மேல இருக்கே, நீயாவா ஏறின? மாட்டைக் கொஞ்சினாக்கூடத் தன்னைத்தான்னு நெனச்சுப் பூரிக்கிற ஜென்மம்! உன் கீழ ஒரு மனுஷன் கை நசுங்குது, உனக்கு இன்னும் புகழ்ச்சி கேக்குதா?"

கல்லைத்தான் சொன்னேன். மாடு வரைக்கும் சத்தியமாகக் கல்லைத்தான். அதற்குப் பிறகு எனக்கே தெரியாது.

பின்வரிசையில் ஒருவர் "அப்படிப் போடு!" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஆரம்பித்தார். பிறகு எல்லோரும். குண்டும் குழியுமான சாலைக்கு, வராத தண்ணீருக்கு, ஒழுகும் பள்ளிக்கூடத்துக்கு — எல்லாவற்றுக்கும் கல்லைத் திட்டினார்கள். பாவம், அது என்ன செய்யும்? நாத்தனாரும் திட்டினாள். அந்த வார்த்தைகளை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ. மேடை களிமண்ணாகக் குழைந்தது. இவர் கை வெளியே வந்தது. தலைவர் இடுப்பு வரை உள்ளே போனார்.

"கல்லைத்தானே சொன்னீங்க?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார்.

"கல்லைத்தாங்க" என்றது ஊர் மொத்தமும்.

18, வியாழன்

இவருக்கு வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காதாம். "கரண்டி பிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். "சாப்பிடறதுக்குத்தானே? பழகிடும்" என்றார் மருத்துவர். சாந்துக் கரண்டி என்றேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கொத்தனாருக்குக் கை போனால் மிச்சம் என்ன?

26, வெள்ளி

திட்டுகிற பிரிவையே கலைத்துவிட்டார்கள். இளக்க ஆளில்லாமல், புதிதாக வந்த கல் மாளிகை வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. புகழ்கிற பிரிவு அதைச் சுற்றி உட்கார்ந்து அதையும் புகழ்கிறதாம். வேறு வேலை தெரியாதே. நாத்தனார் மட்டும் பந்தலை விட்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள், தேய்க்கிற வேகத்தில் ஊரையே திட்டுகிறாள். என்னை மிஞ்சிவிடுவாள்போல.

ஏழாம் மாதம் 12, ஞாயிறு

இவர் இன்று வாசலை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். வெறும் செங்கல். இடது கையால். காலையில் தொடங்கி, இரண்டு முறை இடித்துக் கட்டி, சாயங்காலம் முடித்தார். கோணல்தான். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்குங்க. உங்க கை பட்டு நிக்காத சுவர் எது?"

எப்படி வந்ததென்று தெரியவில்லை. இவர் அந்தப் பக்கம் திரும்பி, தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைகழுவ உள்ளே போகப் படியில் காலை வைத்தவர் தடுமாறி விழப் பார்த்தார். புதையும் என்று பழகிப்போன கால்.

படி புதையவில்லை.