அக்கா ஏன் பேரீச்சம்பழம் தின்றாள்?

அன்புள்ள ஞானராஜ் அண்ணா,

கம்பெனி பஸ் ஓட்டிய நீ, ஒரகடம் ரோட்டில் எந்த லாரியையும் நம்ப மாட்டாய். கார் சீட் தைக்கும் லைனில் குவாலிட்டி பார்க்கும் நான் எந்தத் தையலையும் நம்ப மாட்டேன். ரத்தப் புற்றுநோய் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தபோது நாம் ஒட்டிக்கொண்டது இதனால்தான். நர்ஸ் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று குசுகுசுப்போம்.

உனக்கு உன் தம்பி, ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல் கொடுத்தான். எனக்குச் சுமதி அக்கா. அப்புறம் மாதாமாதம் டெஸ்ட்: நம் ரத்தத்தில் கொடுத்தவருடைய செல் எவ்வளவு, நம்முடைய பழைய செல் எவ்வளவு என்று. உனக்கு முழுக்கத் தம்பியுடையதுதான் என்று வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாய். மழைக்காலத்துக்குள் நோய் திரும்பி, நீயும் போய்விட்டாய். அந்த ரிப்போர்ட் பொய் சொன்னதா அண்ணா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது எனக்கு அக்காவின் பங்கு கொஞ்சம் குறைந்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"குறைஞ்சா நோய் வந்துடும்னு அர்த்தமில்ல. நிறைஞ்சிருந்தா வராதுன்னும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அக்காவின் செல்களை அடக்கி வைக்கும் மாத்திரையைக் குறைத்தார், அவை நோயோடு சண்டை போடட்டும் என்று. எலும்பு மஜ்ஜையும் எடுத்திருக்கிறார்கள். முடிவு நாளை வரும்.

விஷயம் தெரிந்ததும் குன்றத்தூரிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். பை நிறைய பேரீச்சம்பழம், பீட்ரூட், இரும்புச்சத்து டானிக். எல்லாம் அவளுக்கே. எனக்கு ஒரு வாய்கூட நீட்டவில்லை. நான் பார்த்தால் முந்தானையில் மறைத்தாள். நான் உள்ளே வந்தால் அவளும் என் மனைவியும் பேச்சை நிறுத்தினார்கள். அக்காவின் ரத்தத்திலேயே ஏதோ கோளாறு, அதைத்தான் எனக்கும் கொடுத்துவிட்டாள், சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேற்று சமையலறை வாசலை மறித்து நின்றேன்.

"உனக்கு உடம்புக்கு இன்னா? உண்மைய சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்லடா."

"அப்புறம் இன்னாத்துக்குத் திருட்டுத்தனமா இதெல்லாம் துன்னுகினு கீற?"

டானிக் மூடியைத் திருகியபடியே தலை குனிந்துகொண்டாள். "உன் உடம்புல ஓடறது என் ரத்தம்தானே. கொறஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. நான்தான் ஒழுங்கா சாப்டல போல கீது. இங்க நான் துன்னா அங்க ஊறாதா?"

சிரிப்பு வந்தது அண்ணா, சிரிக்க முடியவில்லை. கொடுத்த செல்கள் என்னுள் தனியாக வாழ்கின்றன, அவள் சாப்பிடுவது அவற்றுக்கு எட்டாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இன்னொரு பழத்தை வாயில் போட்டாள். "டாக்டருக்கு எல்லாமா தெரியும்?" என்றாள். சந்தேகப்படுவதில் எனக்கு அக்காதான் அவள்.

இரவெல்லாம் உன் தம்பி நினைப்பு. நீ போனதிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை. பிழைத்திருக்கிறேனே என்று என் மேல் கோபம்போல என்று நினைத்திருந்தேன். அவனும் அக்காவைப் போலத் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறானோ? உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, அவனிடம் யாராவது பேசினார்களா?

நாளை நல்ல முடிவு வந்தால் நான் நம்பப் போவதில்லை, அடுத்த மாதமும் போய்ப் பார்ப்பேன். எது வந்தாலும் வரும் வழியில் உங்கள் பென்னலூரில் இறங்குவேன். உன் தம்பி கதவைத் திறக்கும்வரை தட்டுவேன். அவன் உனக்குக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

பக்கத்துக் கட்டிலில் கிடைத்த உன் இன்னொரு தம்பி,
முருகேசன்