அடுத்த ஞாயிறுக்கான கையெழுத்து

என்மேல் ஒருநாளும் கோபப்படத் தெரியாத அண்ணனுக்கு,

இத்தனை வருடமாய் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்தை முன்கூட்டியே வைக்க விடும்படி கான்ஸ்டபிளிடம் கேட்டது நான்தான்.

பிணையில் வந்தபின் ஞாயிறுதோறும் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைப்பீர்களே, நானும் பன்வில பஸ்ஸில் கூடவே வருவேன். தோட்டத்துக் கோயில் தேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வடம் பிடிக்க நீங்கள் இல்லாமலா? நீங்கள் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் அந்தக் கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன்.

“சரி, அடுத்த ஞாயிறுக்கும் இன்னைக்கே போட்டுட்டுப் போகச் சொல்லு தங்கச்சி,” என்றார். பிறகு, தேர் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, ஒன்பது மணி என்றேன்.

ஒன்பது மணிக்குத்தானே ஆமிக்காரர்கள் கோயிலைச் சுற்றி வளைத்தார்கள்? சாயங்காலம் வரை உங்களை மண்டபத்தில் பிடித்து வைத்திருந்ததாக அவர்கள் எழுதினார்கள். பொலிஸ் புத்தகத்திலோ அதே நாளில் உங்கள் கையெழுத்து. கோர்ட்டில் கான்ஸ்டபிள், “எனக்குத் தெரியாது, கள்ளமாப் போட்டிருக்கான்,” என்றார். நிபந்தனையை மீறினீர்கள் என்று பிணையை ரத்துச் செய்தார்கள். மூன்று மாதத்தில், நெஞ்சுவலி என்று பெட்டியில் அனுப்பினார்கள். நெஞ்சுவலிதானா அண்ணே?

போன மாதம் என் வீட்டுக்காரரை, உங்கள் மச்சானையும் கண்டி டவுனில் சந்தேகத்தில் பிடித்துப் பிணையில் விட்டிருக்கிறார்கள். அதே பொலிஸ், அதே மேசை, அதே ஆள். இப்போது சார்ஜன்ட், தலை நரைத்துவிட்டது. என்னைத் தெரியாதவர் போல இருந்தார்.

நேற்று, “அடுத்த ஞாயிறு தீபாவளி தானே? சேத்துப் போட்டுட்டுப் போங்க. வீட்டுலதானே இருப்பீங்க?” என்றார்.

இவர் பேனாவை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஏறியும் இவருக்கு ஆத்திரம். “நல்ல மனுசன், உதவி செய்றாரு. உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்.”

ஆமாம், சந்தேகம்தான். ஒருவேளை அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். அன்றைக்குப் பயத்தில் பொய் சொல்லியிருக்கலாம். பயந்து பொய் சொன்னவர் மறுபடியும் அதையே எதற்குச் செய்யச் சொல்கிறார்?

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு இவரைக் கூட்டிக்கொண்டு போவேன். அன்றைய கையெழுத்து அன்றைக்கே விழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அதனால் உங்களுக்குப் படைக்கிற சோறு இந்த வருடம் சாயங்காலம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

உங்களுக்காகக் கெஞ்சப் போய் உங்களைக் காட்டிக்கொடுத்த,
உங்கள் தங்கச்சி